வேலிப் போஸ்டர்களும் மூன்று பக்கத் திட்டமும்

இறுதி ஆண்டு ஆய்வுக்கு எல்லாரும் மூன்று பக்கத்தில் ஒரு திட்டம் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று கண்டிப் பக்கத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. தேர்தல் ஒன்று அப்போதுதான் முடிந்திருந்தது. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிச் செய்யக்கூடிய தலைப்புகளை எடுத்துக்கொண்டு கொழும்பு நூலகங்களுக்குப் போக ஆயத்தமானார்கள். நான் மட்டும், கல்முனைப் பக்கத்தில் எங்கள் ஊரில் தேர்தல் விளம்பரங்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்கப்போவதாகச் சொன்னேன். விரிவுரையாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டம் சரியாக இருந்தால் நான்கு மாதம் ஊரிலேயே நின்று வேலை செய்யலாம், சரியில்லாவிட்டால் நீரும் கொழும்புக்குத்தான் என்றார்.

ஊரிலேயே நான்கு மாதம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். அரசியல் விளம்பரத்தின் மேல் எனக்குத் தீராத காதல் எதுவும் இருக்கவில்லை. காதலெல்லாம் வீட்டில் இருந்தது. கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

அவள் என்னிடம் அதிகம் கேட்கிறவள் இல்லை. ஒன்றே ஒன்றைக் கேட்டிருந்தாள். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் தொழுகை அழைப்பான பாங்கு சொல்வதற்கு நான் இருக்க வேண்டும். அவள் பிறந்த நேரத்தில் அவளுடைய வாப்பா வெள்ளத்தில் அகப்பட்டு வயல் வாடிக் குடிசையில் இருந்திருக்கிறார். வீட்டில் வேறு ஆண்கள் இல்லை. தெருவால் போன வளையல் வியாபாரி ஒருவரைக் கூப்பிட்டுப் பாங்கு சொல்லவைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் யார், எந்த ஊர் என்று பிறகு எவருக்கும் தெரியவில்லை. அவள் குரலை உயர்த்தும்போதெல்லாம், வளையல்காரரின் குரல் வந்துவிட்டது என்று அவளுடைய தம்பிமார் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

"ஆரோ ஒராளத் தெருவில தேடிக் கூட்டி வரப்படாது. நீங்க நிக்கணும்" என்றாள்.

நிற்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்தபிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். பிள்ளை பிறக்கிற மாதத்தில் நான் கொழும்பில் தூசு பிடித்த பத்திரிகைக் கட்டுகளுக்குள் இருப்பேன். ஆகவே, ஊரில் மட்டுமே செய்யக்கூடிய ஓர் ஆய்வை நான் எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. வெளியே பார்த்தால் வேலியெல்லாம் போஸ்டர். அப்படித்தான் அரசியல் விளம்பரம் என் துறையாயிற்று.

விடுமுறைக்கு வந்த மறுநாளே ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டேன். மாரி மழை இறங்குவதற்கு முன் எண்ணி முடிக்க வேண்டும். இறங்கிவிட்டால் வேட்பாளர்களின் முகங்கள் கரைந்து வாய்க்காலோடு போய்விடும். எங்கள் தெருக்கள் கடற்கரையில் தொடங்கி நேரே பெரிய ரோட்டுக்கு வந்து ஏறுகிறவை. கல் மதில் வைத்த வீடு அப்போது எண்ணிச் சொல்லக்கூடிய அளவில்தான் இருந்தது. மற்றதெல்லாம் தென்னோலை முடைந்த கிடுகு வேலி. கிடுகில் பசை ஒட்டாது. அதனால் தேர்தல் பொடியன்கள் போஸ்டரை மடித்து ஈர்க்கால் குத்திவிட்டுப் போவார்கள். காற்றடிக்கும்போது தெரு முழுவதும் படபடவென்று சத்தம் கேட்கும்.

நான் நான்கு தெருக்களைத் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம். வீட்டுத் தலைவரின் பெயர், தொழில், வேலியில் எத்தனை போஸ்டர், யாருடையது. இவ்வளவுதான் என் அட்டவணை. மிகவும் விஞ்ஞானபூர்வமாக இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

ஊர் அதை விஞ்ஞானமாக எடுத்துக்கொள்ளவில்லை. தேர்தல் முடிந்த கையோடு ஒருவன் கொப்பியுடன் வேலி வேலியாகப் பார்த்து எழுதிக்கொண்டு போனால், யாருக்கு யார் வேலை செய்தார்கள் என்று வென்றவர்கள் கணக்கெடுக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். இரண்டாம் நாள் ஒருவர் என் சைக்கிளை மறித்து, தன் மகன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன், சிற்றூழியர் வேலை எதுவானாலும் பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள் தம்பி என்றார். மூன்றாம் நாள் பார்த்தால், முதல் நாள் நான் வெறுமையாகக் கண்ட இரண்டு வேலிகளில் வென்ற வேட்பாளர் புதிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றவருக்காகத் தொண்டை கட்டக் கத்திய மனிதரின் வீடு அதில் ஒன்று. நான் ஒன்றும் தெரியாதவன்போல் இலக்கத்தை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். என் மாமனார்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். அவர் நேராக எதுவும் கேட்கிறவர் இல்லை. சாப்பிடும்போது, படிக்கிற பிள்ளைகளுக்கு இப்ப இப்படியும் வேலை கொடுக்கிறார்களா என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

எண்ணி முடித்து மூன்று பக்கமும் எழுதினேன். போஸ்டர்களின் எண்ணிக்கை வீட்டுத் தலைவரின் அரசியல் ஈடுபாட்டைக் காட்டும் என்பது என் முதல் வாக்கியம். அதற்குச் சான்றாகக் கடற்கரைத் தெருவில் பதினொரு போஸ்டர் குத்தியிருந்த ஒரு வேலியைக் காட்டியிருந்தேன். இரண்டு பெரிய கட்சிகளினதும் அதில் கலந்திருந்தன. கொள்கை மோதலால் பிளவுபட்ட தீவிர அரசியல் குடும்பம் என்று அதை வர்ணித்திருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது நினைவிருக்கிறது, அவ்வளவு திருப்தி.

அன்று பின்நேரம் அடுக்களை வாசலில் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பலகைக் கட்டையில் உட்கார்ந்து திட்டத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவள் பதினொரு போஸ்டர் வீட்டுக்கு வந்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டாள். எந்த வீடு என்று கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்த ஊட்டுல ஆம்புளையே இல்லயே" என்றாள். "ஊட்டுக்காரிட மாப்புள சவூதிக்குப் போய் ரெண்டு வரிசம். கிடுகு மாத்த ஆளில்ல, வேலி முழுக்க ஓட்ட. கிணத்தடியில குளிச்சாத் தெருவுக்குத் தெரியும். அதுக்குத்தான் போற வாற பொடியனுகளக் கூப்பிட்டு இஞ்ச ஒண்டு குத்து, அஞ்ச ஒண்டு குத்து எண்டு குத்த வெச்சா. எந்தக் கட்சியெண்டு அவ பாக்கல்ல, கடதாசி தடிப்பா எண்டுதான் பாத்தா."

நான் கொப்பியைத் திறந்து மற்ற வீடுகளை வாசித்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஆறு போஸ்டர் வீட்டுக்குக் கிழக்குப் பக்க வேலி கறையான் அரித்தது. ஐந்து போஸ்டர் வீட்டில் குமர்ப்பிள்ளைகள் மூன்று பேர். போஸ்டரே இல்லாத வீடு என்று நான் அரசியல் ஆர்வமற்றவர்களாகத் தள்ளிவைத்தவர், தேர்தலுக்கு இரண்டு கிழமை முன்புதான் புதுக் கிடுகு கட்டியிருந்தார். அந்த மனிதர் மேடைக்கு மேடை பேசித் திரிந்தவர். நான்கு தெருவிலும் வெயிலில் அலைந்து நான் எண்ணியது அரசியலை அல்ல, கிடுகின் வயதை.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. வீட்டுத் தலைவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார் என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் ஆண்தான். வீடு பெண்ணின் பெயரில்தான் எழுதப்படும். நான் உட்கார்ந்திருந்த வீடு அவளுடையது, அந்தப் பலகைக் கட்டை உட்பட. என் மாமனார்கூட மகளின் வீட்டில்தான் இருந்தார். போஸ்டர் குத்த வருகிறவர்கள் வேலிக்கு அப்பால் நின்று பெண்களைத்தான் கேட்பார்கள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று வருடத்தில் மறந்துபோய்விட்டேன்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. திட்டத்தை ஒப்படைக்க நான்கு நாள்தான் இருந்தது. மூன்று பக்கமும் குப்பை. என் கண்ணுக்குள் கொழும்புதான் நின்றது. கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அவள்மேல் காட்டினேன். நீ சிரிக்காமல் இருந்திருந்தால் இதையே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன், அவருக்கு என்ன தெரியப்போகிறது என்றேன். அவள் என் தட்டை மூடிவைத்தாள். பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தா பிள்ளைக்குப் பாங்கு சொல்லப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழும்பிப் போய்ச் சோறு போட்டுத் தின்றேன்.

காலையில் அவளே வழி சொன்னாள். பெண்களிடம் கேட்டால்தானே உண்மை வரும். நீங்கள் போய்க் கேட்க முடியாது. நான் போகிறேன்.

நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு, சேலை முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, என் கொப்பியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். மாலை அசர் பாங்குக்குப் பிறகுதான் வந்தாள். அடுத்த நாளும் போனாள். அந்த இரண்டு பின்நேரமும் அடுப்பு என் பொறுப்பில் இருந்தது. நான் ஆக்கிய சோற்றையும் ஆணத்தையும் மாமனார் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டு முடித்ததை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

அவள் கொண்டுவந்தது என் அட்டவணையில் அடங்காத சரக்கு. ஓட்டை அடைக்க என்பது முதல் காரணம். தம்பி ஆசைப்பட்டான், மனம் நோகக்கூடாது என்று குத்தவிட்டது ஒரு வீடு. படம் வடிவாக இருந்தது என்று ஒருவர். எல்லாவற்றையும் விட, எத்தனையோ பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை அவள் கீழ்க்கோடு போட்டு எழுதியிருந்தாள். போஸ்டரைப் பார்த்தோ ஒலிபெருக்கியைக் கேட்டோ அவர்கள் யாருக்கும் வோட்டுப் போடவில்லை. வேட்பாளரின் உம்மாவோ ராத்தாவோ வெற்றிலை அடுக்கிய பித்தளை வட்டாவுடன் வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்குச் சொல்வதுபோல, எங்கட பிள்ளை தேர்தல் கேட்கிறார், நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முறையாகச் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. ஒரு வேட்பாளர் தெருத் தெருவாகப் போஸ்டர் நிறைத்திருந்தார். அவருடைய சொந்தத் தாய்வழிக் குடியிலேயே பாதிப் பெண்கள் அவருக்குப் போடவில்லை. ஏன் என்று இவள் கேட்டதற்கு எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்.

"எங்களுக்கு வந்து சொல்லல்ல."

அந்த ஒரு வரியை வாசித்ததும் எனக்குத் திட்டம் முழுவதும் தெரிந்துவிட்டது. பழைய பக்கங்களைக் கிழித்தேன். வேலியில் இருப்பது ஒரு விளம்பரம், வட்டாவில் வருவது இன்னொரு விளம்பரம். ஒன்று எல்லாருக்கும், மற்றது ஓர் ஆளுக்கு. எது வேலை செய்கிறது, யாரிடம், ஏன் என்று எழுதத் தொடங்கி, அவள் பக்கத்தில் இருந்து திருத்தத் திருத்த, விளக்கில் எண்ணெய் இருக்கும்போதே முடித்தோம்.

மழை தொடங்கிய நாளில் கண்டி பஸ் ஏறினேன். விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சில் தேவையில்லாத ஒரு சொல்லும் இருக்காது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். நான் அரசியல் விளம்பரம் கேட்டேன், நீர் கிடுகு வேலி கொண்டுவந்திருக்கிறீர் என்றார். இரண்டாம் பக்கத்தில் வட்டாவுக்கு வந்தபோது பேச்சை நிறுத்தி, திரும்ப மேலே போய் முதலிலிருந்து வாசித்தார். மூன்றாம் பக்கம் முடிந்ததும், பெண்களிடம் உம்மை யார் உள்ளே விட்டது என்று கேட்டார். என் மனைவிதான் கேட்டு எழுதினாள் என்றேன். இனியும் அவர்தான் கேட்கப்போகிறாரா என்றார். ஓம் என்றேன். எத்தனை மாதத்துக்கு என்றார்.

நான்கு மாதம் முழுவதும் அவளால் அலைய முடியாது, ஏன் என்று சொன்னால் என் உண்மைக் காரணம் வெளியே வந்துவிடும். சுற்றிவளைத்து ஏதோ சொல்லிப் பார்த்தேன். பிரதேசத்தின் தனித்தன்மை என்றேன், மாரிக்குப் பின்னான மனநிலை என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு மனிதர் முன்னால் எவ்வளவு நேரம்தான் பொய் சொல்ல முடியும். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் சேர், வெள்ளாமை வெட்டுகிற காலத்தில் பிள்ளை பிறக்கும், அப்போது நான் ஊரில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன், அதற்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லி முடித்ததும் கொழும்புக்கு மனதளவில் மூட்டை கட்டிவிட்டேன்.

அவர் பேனையைத் திறந்தார். "காரணம் எதுவெண்டாலும் கேள்வி நல்ல கேள்வி" என்றார். "ஆனா ஒண்டு, பிள்ளைத்தாச்சியை வெயிலில அலைக்கக்கூடாது. அந்தப் பொம்பிளையளை உம்மட வீட்டுக்கு வரச்சொல்லி மனுசி கேட்கட்டும்."

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாணவனைக் கூப்பிட்டார். நான் வெளியே வந்து வாசல் படியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அந்த நான்கு மாதமும் எங்கள் வீடு கல்யாண வீடுபோல் இருந்தது. பின்நேரமானால் இரண்டு பேர், மூன்று பேர் என்று பெண்கள் வருவார்கள். உள்ளறையில் அவள் கேட்பாள், அவர்கள் சொல்வார்கள், சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் முன்னறையில் பிரதி எழுதிக்கொண்டிருப்பேன், இடையிடையே தேத்தண்ணீர் ஊற்றிக் கதவருகே வைப்பேன். அவளைப் பார்க்க வந்தவர்கள் கேள்விக்குப் பதில் சொன்னது பாதி, பிள்ளைப்பேறு பற்றிப் புத்தி சொன்னது பாதி. இரண்டையும் அவள் அதே கொப்பியில் எழுதினாள். எந்தப் பக்கம் ஆய்வு, எந்தப் பக்கம் மருந்து என்று பிரித்தெடுப்பதற்கே எனக்கு ஒரு கிழமை போயிற்று. என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை.

வயலில் வெட்டுத் தொடங்கியிருந்த ஒரு காலை நேரம் மருத்துவிச்சி வந்தார். நான் எங்கும் போகவில்லை. முன்னறையில் அங்கும் இங்கும் நடந்தேன், கை கால் முகம் கழுவி ஒளு எடுத்தேன், திரும்பவும் எடுத்தேன். ளுஹருக்கு முன் உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது. பெண்பிள்ளை என்றார்கள். கழுவித் துடைத்து வெள்ளைச் சீலையில் சுற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். மருத்துவிச்சி பிள்ளையை என் கையில் வைத்தார். வலது காதுக்குக் கிட்டே குனிந்தேன்.

எத்தனை மாதம் காத்திருந்தது. பஸ் ஏறியது, கிழித்து எழுதியது, பொய் சொல்லி மாட்டிக்கொண்டது எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். அந்த வேகத்தில் என் குரல் கட்டுக்கு அடங்காமல் கிளம்பிவிட்டது. வேலிக்கு அப்பால் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிள்ளை உடம்பு தூக்கிப்போட வீறிட்டு அழுதது. நான் பயந்து நடுவில் நிறுத்திவிட்டேன். அடுத்த சொல் என்னவென்றே எனக்கு மறந்துபோயிற்று.

மனைவி கண்ணைத் திறக்கவில்லை. கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டாள்.

"மெல்லச் சொல்லுங்க" என்றாள். "கேக்கிற ஒராள்தானே."

முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை என் மூச்சுக்குள்ளே, பிள்ளைக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னேன். மகள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.